புரதத்தில் ஒட்டும் சர்க்கரை இதயத்தை என்ன செய்கிறது?

கேள்வி இதுதான்: ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது புரதங்களில் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் நீரிழிவு உள்ளவர்களின் இதயமும் ரத்தக் குழாய்களும் கெடுகின்றன என்கிறார்கள். எச்பிஏ1சி சோதனை அளப்பதும் இதைத்தானே? அப்படியானால் இந்த ஒட்டுதலை மருந்து கொடுத்துத் தடுத்துவிட முடியாதா?

கேள்விக்குள்ளேயே ஒரு குழப்பம் இருக்கிறது. கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். படித்தவர்களே இதைக் குழப்பித்தான் எழுதுகிறார்கள். சர்க்கரை புரதத்தோடு சேர்வதில் அடியோடு வேறான இரண்டு வகைகள் உண்டு. ஒன்று விபத்து. மற்றது செல் தானே திட்டமிட்டுச் செய்கிற வேலை. விபத்தைக் குறைத்தால் நல்லது. இரண்டாவதை முழுக்க நிறுத்தினால் செல்லே பிழைக்காது. எச்பிஏ1சி அளப்பது விபத்தை மட்டும்தான்.

விபத்துக்கு கிளைக்கேஷன் என்று பெயர். இதற்கு நொதி எதுவும் வேண்டாம். குளுக்கோஸும் புரதமும் ஒரே திரவத்தில் போதுமான காலம் கிடந்தால், குளுக்கோஸின் ஆல்டிஹைடு முனை புரதத்தின் அமினோ முனையைத் தானாகவே பற்றிக்கொள்ளும். பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மையார் 1912-இல் விவரித்த வினைதான் இது. சூட்டில் உணவு பழுப்பாவதற்கும் இதே வினைதான் காரணம். உடம்பின் வெப்பத்தில் மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான். 1968-இல் ஈரானிய விஞ்ஞானி சாமுவேல் ரஹ்பர், நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதைக் கண்டார். அதுதான் இன்று எல்லோரும் அளக்கும் எச்பிஏ1சி. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருப்பதால், அதில் ஒட்டிய சர்க்கரை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கைக் காட்டிவிடுகிறது.

ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டுவதால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. பழையது போய்ப் புதியது வந்துவிடும். கேடு வருவது நெடுநாள் வாழும் புரதங்களில். தமனிச் சுவரில் உள்ள கொலாஜன் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். எலாஸ்டின் ஏறக்குறைய ஆயுள் முழுவதும் இருக்கும். அவற்றில் ஒட்டிய சர்க்கரை நாளடைவில் உருமாறி, பக்கத்துப் பக்கத்து இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது. தனித்தனியாக வழுக்கி நகர வேண்டிய இழைகள் தைத்ததுபோல் ஆகின்றன. தமனியின் நெகிழ்ச்சி போய்விடுகிறது.

நெகிழ்ச்சி போனால் என்ன? இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது நல்ல தமனி விரிந்து கொஞ்சம் ரத்தத்தைப் பிடித்துவைத்து, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் சுருங்கி அதை முன்னே தள்ளும். விறைத்த தமனியால் இது முடியாது. ஆகவே மேல் அழுத்தம் ஏறுகிறது, கீழ் அழுத்தம் இறங்குகிறது. இதயத் தசைக்குத் தேவையான ரத்தம் பெரும்பாலும் அது ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் அதற்குள் பாய்கிறது. ஆக, வேலைப் பளு கூடும் நேரத்திலேயே இதயத்துக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் குறைகிறது. இது தவிர, இப்படி உருமாறிய புரதங்களுக்கென்றே ரத்தக் குழாய்ச் செல்களின் மேல் ஓர் ஏற்பி இருக்கிறது. அது தூண்டப்பட்டால் அழற்சியும் தொடங்குகிறது.

இந்தப் பிணைப்புகளை அறுக்க அலஜீப்ரியம் என்று ஒரு மருந்தைச் சோதித்தார்கள். முதல் சோதனைகளில் தமனியின் விறைப்பு குறைந்தது. பெரும் நம்பிக்கை எழுந்தது. 2009-இல் அதை உருவாக்கிய நிறுவனம் பணமில்லாமல் சோதனைகளை நிறுத்தியது. பிறகு வெளிவந்த இதயச் செயலிழப்பு ஆய்வும் ஏமாற்றத்தையே தந்தது. இன்றுவரை அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

விபத்தின் பிடி எவ்வளவு நீண்டது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை, முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தினார்கள். ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் எச்பிஏ1சியும் நெருங்கிவிட்டன. ஆனால் 2005-இல் திரும்பிப் பார்த்தபோது, முன்பு தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு இதய, ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 42 சதவீதம் குறைவு. எப்போதோ கட்டுப்படுத்தியதன் பயன் பிற்பாடும் நிற்கிறது. பங்கேற்றவர்களின் தோலில் இருந்து எடுத்த கொலாஜனை ஆராய்ந்தபோது, அதில் தங்கிய கிளைக்கேஷன் இந்த நீண்ட நினைவின் ஒரு பகுதியை விளக்கியது. ரத்தம் மறந்ததைத் தோல் மறக்கவில்லை.

இனி இரண்டாவது வகை. எனக்குப் பிடித்தது இதுதான், ஆகவே கொஞ்சம் நீளும்.

செல்லுக்கு வெளியே போகும் புரதங்களிலும், செல்லின் மேற்பரப்பில் நிற்கும் புரதங்களிலும் கிளைகிளையாகச் சர்க்கரைச் சங்கிலிகள் இருப்பது வெகு காலமாகத் தெரியும். செல்லின் உள்ளே, உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் உள்ள புரதங்களில் சர்க்கரை இருக்காது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஹார்ட்டும் கார்மென்-ரோசா டோரஸும் பசும்பாலில் இருந்து எடுத்த ஒரு நொதியைக் கொண்டு லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களின் மேற்பரப்புச் சர்க்கரைகளுக்கு அடையாளம் இட்டுக்கொண்டிருந்தார்கள். அடையாளம் பெரும்பாலும் செல்லுக்கு உள்ளே போய் உட்கார்ந்தது. 1984-இல் வெளியிட்டார்கள். சங்கிலி எதுவும் இல்லை. என்-அசிட்டைல்குளுக்கோசமைன் என்ற ஒரே ஒரு சர்க்கரை மூலக்கூறு, புரதத்தில் உள்ள செரீன் அல்லது திரியோனின் என்ற அமினோ அமிலத்தின் மேல் தனியாக நிற்கிறது. இதைச் சுருக்கமாக ஓ-கிளிக்நாக் என்கிறார்கள்.

இதை ஒட்ட ஒரு நொதி, எடுக்க ஒரு நொதி. ஒட்டுவது ஓஜிடி, எடுப்பது ஓஜிஏ. ஆயிரக்கணக்கான புரதங்களுக்கும் இந்த இரண்டே நொதிகள்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்: புரதங்களில் பாஸ்பேட் ஒட்டுவதற்கு மட்டும் மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ் நொதிகள் இருக்கின்றன. எலிக் கருவில் ஓஜிடி மரபணுவை நீக்கினால் கரு வளராமல் அழிந்துவிடுகிறது. கிளைக்கேஷன் கல்லில் வெட்டியதுபோல என்றால், இது கரும்பலகையில் எழுதி எழுதி அழிப்பது. சில நிமிடங்களில் ஏறும், இறங்கும். இதற்கும் பாஸ்பேட்டுக்கும் அடிக்கடி ஒரே நாற்காலிக்குப் போட்டி: இரண்டுமே செரீனையும் திரியோனினையும் தேடிப் போகின்றன.

இந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இதயத்துக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு ஒளிந்திருக்கிறது. செல்லுக்குள் வந்த குளுக்கோஸின் ஒரு சிறு பங்கு, ஆற்றல் தரும் பாதையில் இருந்து கிளை பிரிந்து போகிறது. வழியில் அதனோடு குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜன் சேர்கிறது; கொழுப்பை எரித்தாலும் கிடைக்கிற அசிட்டைல் தொகுதி சேர்கிறது; கடைசியில் யூரிடின் கொண்ட ஒரு நியூக்ளியோடைடும் சேர்கிறது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என்று எல்லாவற்றின் இருப்பையும் ஒரே மூலக்கூறு தொட்டுப் பார்த்து வருகிறது. அதனால்தான் இதைச் செல்லின் ஊட்ட உணரி என்கிறோம். செல்லுக்குள் வரும் குளுக்கோஸில் 2 முதல் 5 சதவீதம் இந்தக் கிளைக்குப் போகிறது என்று எல்லாக் கட்டுரைகளிலும் பார்க்கலாம். அது 1991-இல் வளர்ப்புக் கொழுப்புச் செல்களில் கணித்த எண். துடிக்கும் இதயத்தில் நேரடியாக அளந்தபோது ஒரு சதவீதத்துக்கு வெகு கீழே இருந்தது. ஒரு எண்ணை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே போவது விஞ்ஞானத்திலும் உண்டு.

இதயத் தசைக்கு வருவோம். ஒவ்வொரு துடிப்பும் கால்சியத்தின் வருகையும் போக்கும்தான். தசைச் செல்லுக்குள் ஒரு கால்சியக் கிடங்கு இருக்கிறது. மின் சமிக்ஞை வந்ததும் அதன் கதவு திறந்து கால்சியம் வெளியே கொட்டுகிறது, தசை சுருங்குகிறது. பிறகு செர்கா என்ற பம்பு பெரும்பகுதிக் கால்சியத்தை மீண்டும் கிடங்குக்குள் ஏற்றுகிறது, தசை தளர்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை இது நடக்கிறது. இந்தச் சுழற்சியின் ஏறக்குறைய எல்லாக் கண்ணியிலும் ஓ-கிளிக்நாக் கை வைக்கிறது.

கதவைக் காக்கும் பொறுப்பில் கேம்கைனேஸ்-2 என்ற நொதிக்குப் பங்குண்டு. கால்சியம் ஏறும்போது அது விழித்து, இறங்கும்போது அடங்க வேண்டும். 2013-இல் வந்த ஓர் ஆய்வு, அதன் 279-ஆம் இடத்துச் செரீனில் இந்தச் சர்க்கரை ஒட்டினால், கால்சியம் இறங்கிய பிறகும் நொதி அடங்காமல் விழித்தபடியே இருக்கிறது என்று காட்டியது. காவல்காரன் உறங்காமல் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். இங்கே அவன் செய்யும் வேலை கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது. தளர வேண்டிய நேரத்தில் கிடங்கில் இருந்து கால்சியம் கசிகிறது. கசிந்த கால்சியம் சொந்தமாக ஒரு மின் துடிப்பைக் கிளப்பிவிடுகிறது. அதுதான் தாளம் தப்பிய துடிப்பு. நீரிழிவு இருந்த மனிதர்களின் இதயத் திசுவிலும் இப்படிச் சர்க்கரை ஏறிய கேம்கைனேஸ்-2 கூடுதலாக இருந்தது. இந்த ஒட்டுதலைத் தடுத்தபோது சோதனை விலங்குகளில் தாளப் பிசகு குறைந்தது. சர்க்கரை அளவுக்கும் இதயத் தாளத்துக்கும் இவ்வளவு நேரடியான ஒரு கம்பி இருக்கும் என்று அதற்கு முன் யாரும் இத்தனை தெளிவாகக் காட்டவில்லை.

பம்பின் பக்கமும் இதே சிக்கல். குளுக்கோஸ் மிகுந்த திரவத்தில் வளர்த்த இதயச் செல்களில் செர்காவின் உற்பத்தி குறைந்து, கால்சியம் கிடங்குக்குத் திரும்ப அதிக நேரம் பிடித்தது. செர்காவுக்குக் கடிவாளமாக இருக்கும் பாஸ்போலம்பன் என்ற புரதத்திலும் இந்தச் சர்க்கரை ஏறி, கடிவாளத்தைத் தளர்த்தும் பாஸ்பேட்டுக்கு இடம் இல்லாமல் செய்கிறது. நீரிழிவு எலிகளின் இதயத்தில் ஓஜிஏவைக் கூட்டி அதிகச் சர்க்கரையை அகற்றியபோது கால்சியச் சுழற்சி தேறியது. சுருங்கும் இழைகளையும் இது விடவில்லை: ஆக்டின், மயோசின், ட்ரோபோனின் எல்லாவற்றிலும் ஓ-கிளிக்நாக் இருக்கிறது, அது மிகுந்தால் அதே அளவு கால்சியத்துக்கு இழைகள் குறைவாகவே பதில் சொல்கின்றன.

1972-இல் ரூப்ளரும் உடன் ஆய்வாளர்களும், தமனி அடைப்போ உயர் அழுத்தமோ காரணமாகச் சொல்ல முடியாத இதயச் செயலிழப்பை நான்கு நீரிழிவு நோயாளிகளிடம் விவரித்தார்கள். 1974-இல், ஓர் அமெரிக்க ஊரின் மக்களை நெடுநாள் தொடர்ந்து பார்த்த ஃபிராமிங்ஹாம் ஆய்வு, நீரிழிவு உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரு மடங்குக்கு மேலும் பெண்களுக்கு ஐந்து மடங்கும் வருகிறது என்றது. குழாய் நன்றாக இருந்தும் தசை ஏன் தளர மறுக்கிறது என்ற அந்தப் பழைய புதிருக்கு மேலே சொன்னது ஒரு பாதி விடை. மீதியில் கொழுப்பு எரிப்பு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, நார்த்திசு என்று பல பங்காளிகள் இருக்கிறார்கள். அதற்குள் இப்போது போகவில்லை.

ரத்தக் குழாயில் இந்தச் சர்க்கரையின் வேலை இன்னும் எளிதாகப் புரியும். குழாயின் உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது சுவரில் உள்ள தசையைத் தளர்த்தி குழாயை விரிக்கிறது. இதைக் கண்டறிந்ததற்காக 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வாயுவை உண்டாக்கும் நொதி முழு வேகத்தில் ஓட, அதன் 1177-ஆம் இடத்துச் செரீனில் ஒரு பாஸ்பேட் ஏற வேண்டும். இன்சுலினும் ரத்த ஓட்டத்தின் உரசலும் அந்தப் பாஸ்பேட்டைத்தான் ஏற்றுகின்றன. சர்க்கரை மிகுந்தால் ஓ-கிளிக்நாக் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது என்று 2001-இல் காட்டினார்கள். இன்சுலின் கதவைத் தட்டுகிறது, உள்ளே இடமில்லை. குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. உயர் அழுத்தம் உண்டாக்கப்பட்ட எலிகளின் தமனிகளிலும் இந்தச் சர்க்கரை மிகுந்திருந்தது. சுருக்கம் கூடி, தளர்ச்சி குறைந்திருந்தது. குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் எலும்புச் செல்களைப்போல நடந்துகொண்டு சுண்ணாம்பைப் படியவிடுவதற்கும், ஏகேடி என்ற நொதியில் ஏறிய ஓ-கிளிக்நாக் துணைபோகிறது.

இதுவரை படித்தவர்கள் ஓஜிடிதான் வில்லன் என்று தீர்மானித்திருப்பீர்கள். அப்படியென்றால் அடுத்ததை விளக்க வேண்டும்.

செல்லுக்கு எந்த அதிர்ச்சி கொடுத்தாலும், சூடோ, நச்சோ, ஆக்சிஜன் பஞ்சமோ, அது செய்கிற முதல் வேலைகளில் ஒன்று ஓ-கிளிக்நாக்கை ஏற்றுவது. ஏற்ற விடாமல் தடுத்தால் செல் சீக்கிரம் சாகிறது. முன்கூட்டியே ஏற்றி வைத்தால் தாக்குப்பிடிக்கிறது. சோதனை விலங்குகளின் இதயத்துக்கு ரத்தத்தை நிறுத்தி மீண்டும் திறந்து பார்த்தார்கள். ஓஜிஏவைத் தடுக்கும் மருந்தோ, ஓ-கிளிக்நாக்கை ஏற்றும் குளுக்கோசமைனோ கொடுத்த இதயத்தில் செத்த தசையின் அளவு குறைந்தது. மைட்டோகாண்ட்ரியா வெடித்துத் திறப்பதை இந்தச் சர்க்கரை தள்ளிப்போடுகிறது. குழாயில் பலூனால் காயம் ஏற்படுத்திய எலிகளில் குளுக்கோசமைன் அழற்சியையும் உட்சுவர்த் தடிப்பையும் குறைத்தது. 2010-இல், வளர்ந்த எலியின் இதயத் தசையில் மட்டும் ஓஜிடியை நீக்கிவிட்டு மாரடைப்பை உண்டாக்கியபோது இதயச் செயலிழப்பு மோசமானது.

பதினோரு ஆண்டு கழித்து நேர் எதிர்த்திசையில் ஒரு சோதனை. 2021-இல், இதயத்தில் ஓஜிடியை எப்போதும் மிகையாகச் சுரக்கும் எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கு நீரிழிவே இல்லை. இருந்தும் இதயம் வீங்கித் தளர்ந்தது, தாளம் தப்பியது, பல திடீரென்று செத்தன. அந்த எலிகளிலேயே ஓஜிஏவையும் கூட்டிச் சமன் செய்தபோது இதயம் தேறியது.

இரண்டும் உண்மை. என் வாசிப்பு இது: ஓ-கிளிக்நாக் ஓர் அவசர மணி. தீ பிடித்த சில மணி நேரத்துக்கு அது ஒலிப்பதால் உயிர் பிழைக்கிறது. நீரிழிவில் மணி ஆண்டுக்கணக்கில் நிற்காமல் அடிக்கிறது. பாஸ்பேட் உட்கார வேண்டிய நாற்காலிகள் எல்லாம் நிரம்பி, செல் வேறெந்தச் சமிக்ஞைக்கும் செவிசாய்க்க முடியாமல் போகிறது. சர்க்கரை ஒட்டியதா என்பதைவிட எந்தப் புரதத்தில், எவ்வளவு காலம் என்பதுதான் இங்கே பேச்சு. இதில் என்னோடு மாறுபடுகிறவர்கள் உண்டு. அளவுதான் முக்கியம், காலம் இரண்டாம்பட்சம் என்பார்கள். 2021 சோதனை அவர்கள் பக்கமும் பேசும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது மருந்துக் கேள்வி. ஓஜிடியை உடல் முழுவதும் தடுப்பது ஆபத்து. காரணம் மேலேயே சொல்லியாயிற்று. ஓஜிஏவைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன, ஆனால் அவை மூளைக்காக, அல்சைமர் நோயில் டாவ் புரதம் திரளாமல் இருக்க உருவாக்கப்பட்டவை. அவை உடலெங்கும் ஓ-கிளிக்நாக்கை ஏற்றுபவை என்பதால், ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது இதயத்தில் என்ன நடக்கிறது என்று கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

எச்பிஏ1சியை இன்னும் கீழே இறக்கினால் எல்லாம் சரியாகுமா? வேண்டிய அளவுக்கு இறக்கியே தீர வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வட அமெரிக்காவில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 10,251 பேரிடம் நடந்த அக்கார்டு ஆய்வில், எச்பிஏ1சியை 6 சதவீதத்துக்கும் கீழே கொண்டுபோக முயன்ற பிரிவில் இறப்பு 22 சதவீதம் கூடியதால், 2008-இல் அந்தத் தீவிரச் சிகிச்சையை இடையிலேயே நிறுத்தினார்கள். ஏன் கூடியது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்குத் தெரிவது, அந்த ஒற்றை எண் கல்வெட்டை மட்டும் படிக்கிறது, கரும்பலகையைப் படிக்கவில்லை. சிவப்பணுக்களிலேயே ஓ-கிளிக்நாக்கை அளந்து நீரிழிவின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று முயன்றிருக்கிறார்கள். அது இன்னும் வழக்கமான பரிசோதனையாக மாறவில்லை. மறுபக்கம், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் சர்க்கரையைச் சுமாராகத்தான் குறைக்கின்றன; ஆனால் 2015-இல் வெளிவந்த ஆய்வில் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைந்தது. இதயத்தைக் காக்கும் மருந்தும் சர்க்கரை எண்ணை இறக்கும் மருந்தும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்பதை மருத்துவ உலகம் அதற்குப் பிறகுதான் முழு மனத்தோடு ஏற்றது.

கடைசியாக, இந்த விஷயம் பேசினாலே வரும் துணைக் கேள்வி: மூட்டு வலிக்குச் சாப்பிடும் குளுக்கோசமைன் மாத்திரை இதயத்துக்கு நல்லதா, கெட்டதா? சோதனைச்சாலையில் ஓ-கிளிக்நாக்கை ஏற்றப் பயன்படுத்தும் செறிவு, மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் வரும் செறிவைவிட நூறு மடங்குக்கும் மேல். ஆகவே அந்த ஆய்வுகளை வைத்துப் பயப்படவும் வேண்டாம், ஆசைப்படவும் வேண்டாம். பிரிட்டனில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த 2019 ஆய்வொன்றில், இதைச் சாப்பிட்டவர்களுக்கு இதய, ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 15 சதவீதம் குறைவாக இருந்தன. ஆனால் மாத்திரை தேடி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் மற்ற வகையிலும் உடம்பைப் பேணுகிறவர்களாக இருக்கலாம், அதை அந்த ஆய்வு முழுக்கப் பிரித்துக் காட்ட முடியாது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் மட்டும் குளுக்கோசமைனைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறையும் நேரம் நீண்டு, ரத்தக் கசிவு ஏற்படக்கூடும்.